பாத்ரூமுக்குக் கோலம் போட்ட கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். புது வீட்டு மாஸ்டர் பாத்ரூமுல எது எங்க வரணும்னு மேசன் பாஸுக்கு அடையாளம் போட்டுக் குடுக்கணும்.

இது எனக்கு லேசுப்பட்ட பாத்ரூம் இல்லீங்க. கண்டி டவுன்ல நாங்க வாடகைக்கு இருந்த எடத்துல மூணு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். அதுவும் வெளிய. சோப்பு போட்டதும் கதவத் தட்டுவாங்க. "அக்கா, முடிஞ்சிருச்சா?" அந்தக் குரலுக்குப் பயந்தே நான் ஒரு நாளும் ஒழுங்கா முதுகு தேச்சதில்ல.

அதனால கட்டுகஸ்தோட்டையில காணி வாங்கின அன்னைக்கே என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். "ஹால் சின்னதா இருந்தாலும் பரவாயில்லங்க. பெட்ரூமோட ஒட்டினாப்புல எனக்கு ஒரு பாத்ரூம் வேணும்."

சுவர் எழும்பிருச்சு. ஷவர் பைப்பும் வச்சாச்சு. தண்ணி போக ஓட்டையும் போட்டாச்சு. பியசேன பாஸ் சொன்னாரு, "நோனா, கொமட் எங்க, பேசின் எங்க, தரையில கீறி வைங்க. நான் சோறு தின்னுட்டு வாறேன்."

கீற சோக்கட்டி இல்ல. பையில அரிசி மா பாக்கெட்டு இருந்துச்சு. அது போதாதா!

ஜன்னல் மூலையில கொமட்டுக்கு ஒரு வட்டம் போட்டேன். உக்காந்தா நேரா மலை தெரியணும், அதான் என் பிளான். ஆனா வட்டம் மொட்டையா இருந்துச்சு. மார்கழி முழுக்க கோலம் போட்ட கை சும்மா இருக்குமா? சுத்தி எட்டு இதழ் வச்சேன். தாமரை! பேசினுக்கு ஒரு சங்கு. எனக்கே பெருமை தாங்கல. போட்டோ வேற எடுத்துக்கிட்டேன்.

பிறகு நானும் வீட்டுக்காரரும் கொமட் வாங்க டவுனுக்குப் போனோம். திரும்பி வரும்போது த்ரீவீல்ல பொட்டி எங்க ரெண்டு பேர் மடியிலயும் குழந்தை மாதிரி படுத்திருந்துச்சு.

வீட்டுக்குள்ள காலு வச்சதும் கற்பூர வாசம்!

ஓடிப் போய்ப் பாத்தா, பாத்ரூமுக்குள்ள அண்ணி. வீட்டுக்காரரோட அக்கா. ஹேவாஹெட்டயிலருந்து சொல்லாமக் கொள்ளாம வந்திருக்காங்க. என் தாமரைக்கு நட்ட நடுவுல மஞ்சள்ல பிடிச்ச பிள்ளையார். தலையில அருகம்புல். பக்கத்துல விளக்கு, வாழைப்பழம், உடைச்ச தேங்கா.

"அண்ணி, இது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதம்மா! எல்லாம் பாத்துட்டேன். ஈசான மூலையில தாமரைக் கோலம், பக்கத்துல சங்கு. அபிஷேகத்துக்கு மேல பைப்பு! தீர்த்தம் போக ஓட்டை! கண்ணு முழிச்சதும் சாமி முகம் பாக்கணும்னு பெட்ரூமோடயே சாமி ரூமு வச்சிருக்கியே, யாருக்கு வரும் இந்த யோசனை?"

அண்ணிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "உனக்குப் பக்தியே இல்லன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். என் வாயில அடிக்கணும்."

கல்யாணம் பண்ணி வந்த நாள்லருந்து அண்ணி வாயிலருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. வந்தது இன்னைக்குத்தான். "அண்ணி, அது கொமட் வைக்கிற எடம்"னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். சத்தியமா! ஆனா கை போய் விளக்குத் திரியத் தூண்டி விட்டுச்சு.

அந்த நேரம் பாத்து வீட்டுக்காரர் பொட்டியோட உள்ள வந்தாரு.

"அது என்னடா தம்பி?"

அவரு பிள்ளையாரப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "கி... கிரைண்டர், அக்கா."

"புது வீட்டுக்கு வந்த மொத சாமான்!" அண்ணி சந்தனம் தொட்டு, குங்குமம் வச்சு, கொமட்டுக்கு மூணு பொட்டு வச்சாங்க. கும்பிடவும் செஞ்சாங்க. நாங்களும் கும்பிட்டோம். வேற என்ன செய்ய?

நான் மெதுவா வெளிய நழுவி பாஸைப் பிடிச்சேன். மனுசன் செருப்பக் கழட்டிட்டு பயபக்தியா நிக்கிறாரு.

"பாஸ், உங்களுக்கு விஷயம் தெரியும்தானே! சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது நோனா? தேங்காவ எங்கிட்டத்தான் உடைக்கக் குடுத்தாங்க." குரலத் தாழ்த்தினாரு. "இனி அந்த எடத்துல நான் கொமட் வைக்க மாட்டேன். எனக்குப் பாவம் வரும்."

ராத்திரிக்குள்ள அண்ணி சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு முடிச்சுட்டாங்க. மடுல்கெல்லயிலருந்து சித்தி பேசினாங்க. "உன் சாமி ரூமப் பாக்க வாறோம்!" அதோட என் பாத்ரூமு செத்துப்போச்சு.

கொமட் மாடிப்படிக்குக் கீழ போயிருச்சு. உள்ள போனா நிமிர முடியாது. ஜன்னல் இல்ல, மலை இல்ல. குளியல் பின்பக்கத் தொட்டியில, வாளி வச்சு.

சாமி ரூமுல மட்டும் மலை தெரியுது. ஷவருல சுடுதண்ணியும் வருது.

அட்டாச் பாத்ரூம் கேட்டது நான். கிடைச்சது பிள்ளையாருக்கு.