ஃப்ரிட்ஜ் கதவில் பத்து விதிகள்

இனி இணையத்தின் வழியாக எவனும் இந்த வீட்டில் சல்லிக்காசு திருட முடியாது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தபோது மணி மாலை ஆறு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து மாட்டுகிறவர் அவர். அன்று முதலாளி எல்லோரையும் இணையப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பியிருந்தார். அரை நாள் வகுப்பு. டீ, பிஸ்கட், ஒரு சான்றிதழ். பிஸ்கட் ஜீரணமாவதற்குள் சான்றிதழ் தலைக்கேறிவிட்டது. வந்ததும் வராததுமாகப் பத்து விதிகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"முதல் விதியைப் படி!"

மனைவி படித்தாள். "ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே. கட்டியவரானாலும் சொல்லாதே." நிமிர்ந்தாள். "இது யாருக்குங்க?"

"பொதுவா எழுதினேம்மா."

பொதுவாவது! ஆறு மாதமாக அவர் கார்டில் ஒரு ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியே வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"நீ வெள்ளந்தி. எவனாவது போன்ல 'மேடம்'னு குழைஞ்சா எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவ. வீட்டுக் கார்டு இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்காரி. பெயர், பிறந்த தேதி எல்லாம் சரிபார்க்காமல் யாரையும் வாய் திறக்கக்கூட விடமாட்டாள். அவள் வெள்ளந்தியாம்.

"ஏமாந்தேன்னா தரேன். ஏமாறலேன்னா?"

"என் கார்டையே உன் கையில குடுத்துடறேன். சான்றிதழ் மேல சத்தியம்!"

மறுநாள் மாலை, "டேங்க்ல தண்ணி பாத்துட்டு வரேன்" என்று மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். பையில் புது சிம் போட்ட பழைய போன். வாய்க்குக் குறுக்கே கைக்குட்டை. குரலை அடித்தொண்டைக்கு இறக்கினார்.

"வணக்கம் மேடம், பேங்க்லேருந்து மேனேஜர் பேசறேன். உங்க கார்டு இன்னும் பத்து நிமிஷத்துல செத்துடும். நம்பரைச் சொன்னா காப்பாத்திடலாம்."

"ஐயையோ! இருங்க சார், எடுத்துட்டு வரேன்."

கண்ணாடிக்காரர் மாடியில் ஒரு சுற்று ஆடியே விட்டார். விழுந்தாள்!

"சார், எடுத்துட்டேன். ஆனா ஒரு சந்தேகம். எங்க வீட்டுக்காரர் பயமுறுத்தி வச்சிருக்கார். நீங்க நிஜ பேங்க்தான்னு எப்படி நம்பறது?"

"கேளுங்க மேடம், எது வேணா கேளுங்க."

"அவர் கணக்கும் உங்ககிட்டதானே? அதுல போன மாசம் என்ன செலவாச்சு?"

"பெட்ரோல், மளிகை, போன் பில்லு..."

"இதை யார் வேணா குத்துமதிப்பாச் சொல்லலாமே. வேற யாருக்கும் தெரியாத செலவாச் சொல்லுங்க சார். உடனே நம்பரைத் தரேன்."

வெற்றி கைக்கெட்டும் தூரத்தில். அந்த நேரம் பார்த்துப் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"அஞ்சாம் தேதி நாலாயிரம்! முடி வளர்ற தைலம்! ஆறு மாசமா மாசா மாசம் போகுது மேடம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி மேனேஜர் சார். உங்க பேங்க்ல டேங்க் நிரம்பி வழியற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குது. வரும்போது மோட்டாரை நிறுத்திட்டு வாங்க."

திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கணுக்கால் வரை நின்றது.

நனைந்த காலோடு இறங்கி வந்தவரை மனைவி உட்கார வைத்து விசாரித்தாள். முப்பது நாளில் முடி வளரும் என்று போனில் ஒரு விளம்பரம். கார்டு நம்பரைக் கொடுத்தார். ஒரே ஒரு பாட்டில் வந்தது. அதற்கப்புறம் பாட்டில் வரவில்லை, பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"ஆறு மாசமா ஒருத்தன் உங்க தலையில மிளகா அரைச்சிருக்கான். முடி வேற இல்லையா, அவனுக்கு வசதியாப் போச்சு. ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"இருபது வருஷமா இந்தத் தலையைப் பாத்துத்தானே சந்தோஷமா இருக்கேன்? எனக்கென்ன குறை?" என்றாள். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடேயே கார்டையும் கொடுத்துவிட்டார்.

கார்டின் பின்பக்கத்தில் இருந்த நிஜ பேங்க் நம்பருக்கு அவரையே பேச வைத்து, தைலக்காரன் கணக்கை முடித்தாள். ஒரு வாரத்தில் புது கார்டு வந்தது. பந்தயப்படி அவளே பிரித்தாள். ரகசிய எண்ணையும் அவளே போட்டாள்.

"ஏம்மா, செருப்பு அறுந்துபோச்சு. புதுசு வாங்கணும். அந்த நம்பர் என்ன?"

மனைவி கரண்டியை ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் நீட்டினாள். முதல் விதி. கையெழுத்து அவருடையதேதான்.