கடைசி அத்தியாயத்துப் பக்கத்து வீட்டுக்காரி

நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தவறான வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டது இன்பராணிக்குத் தெரிந்தபோது, அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழுந்திருந்தன.

தேன்மொழிக்குப் போக வேண்டியது அது. ரெங்கம் பள்ளியில் தமிழாசிரியையான தேன்மொழிதான் அவள் எழுதுவதைப் படித்துக் கருத்துச் சொல்பவள். போன வாரம் போனில் சொன்னாள்:

"உன் கதாநாயகி தைரியமாயிட்டான்னு நீயே பக்கம் பக்கமா எழுதுற. நம்ப முடியல லா. கூட இருக்கிற ஒரு சின்ன ஆளு மாறணும். அத வச்சுத்தான் இவ மாறுனது தெரியும்."

அதனால் இன்பராணி ஒரு பக்கத்து வீட்டுக்காரியை உண்டாக்கினாள். கதாநாயகியைக் கணவன் அடிக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பவள். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி முதல் முறையாகத் திருப்பிக் கத்துகிறாள். பக்கத்து வீட்டில் டிவி அணைகிறது. கதாநாயகி பெட்டியோடு வெளியேறுகிறாள்.

அது இப்போது அன்பியக் குழுவில் கிடந்தது. தம்போயில் அவர்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள், வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வதற்காக வைத்திருக்கும் குழு. அவள் கணவன் ரேமண்டும் அதில் இருந்தான். தினமும் பாலம் தாண்டிப் போய் வேலை செய்யும் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்துதான் எடுப்பான். அதற்குள் அழித்துவிட்டால் போதும்.

அழித்தாள். உடனே அன்பியத் தலைவர் யூஜின் அழைத்தார்.

"சிஸ்டர், ஏன் அழிச்சிட்டீங்க? பயப்படாதீங்க. செடெனாக் ஊர் ஜெபக் குழுவுக்கும் அனுப்பிட்டேன். அங்க உபவாசமே ஆரம்பிச்சிட்டாங்க."

"அலமாக்! பிரதர், அது நாவல்!"

"ஆமா சிஸ்டர்." குரலைத் தாழ்த்தினார். "யார் கேட்டாலும் நாவல்னே சொல்றோம்."

நாவல்தான் என்று நிரூபிக்க, முந்தைய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் யூஜின் கடைசி அத்தியாயத்தையும் சேர்த்து மொத்தமாகக் குழுவில் போட்டார். தலைப்பு: 'நம் சகோதரியின் சாட்சியம்.' அவர் போட்டதை இவளால் அழிக்க முடியாது.

பின்வாசல் தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஜாக்லின், கையில் போனோடு.

"நான் டிவிய கூட்டி வைக்கிறேனா?"

"அது நீங்க இல்லக்கா."

"இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் வீடு பூட்டிக் கெடக்கு. வேற யாரு லா? எனக்குக் காது மந்தம், கூட்டித்தான் வைப்பேன். உங்க வீட்டுலருந்து ஒரு சத்தமும் நான் கேட்டதில்ல!"

"சரிக்கா, மாத்திடுறேன். அவள மாமியாரா ஆக்கிடுறேன்."

"செத்துப்போன மனுஷிய எதுக்கு இழுக்கிற?"

"அப்ப... ஒரு நாய்?"

"நாய் எப்படிடீ டிவிய கூட்டி வைக்கும்?" ஜாக்லின் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

இன்பராணி அடுப்படியில் நின்றாள். இங்கேதான் அந்த நாவலை எழுதினாள், ஒரு காதை வாசல் கேட்டில் வைத்துக்கொண்டு. இருந்த தைரியத்தையெல்லாம் வழித்துக் கதாநாயகிக்குக் கொடுத்தாயிற்று. தனக்கென்று கொஞ்சமும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

யூஜினை மறுபடி அழைத்தாள். "பிரதர், அவர் பாக்குறதுக்குள்ள எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"எடுத்துடுறேன் சிஸ்டர். ஆனா நீங்க இப்படிப் பதறுறதப் பாத்தா, நேர்ல வந்து ஜெபிக்கிறதுதான் சரின்னு படுது."

சாயங்காலம் பாதித் தெரு அவள் முன்னறையில் முழந்தாளிட்டிருந்தது. ஜாக்லினும் உம்மென்று வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். இன்பராணி எல்லாரிடமும் "கதைதான், கதைதான்" என்று சொல்லிக்கொண்டே காப்பி கொடுத்தாள். எல்லாரும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள்.

ரேமண்ட் வாசலில் நின்றான்.

"பாலத்துல ஜாம். யூஜின் அனுப்புனத முழுசா படிச்சிட்டேன்."

ஜெபம் நின்றது. யூஜின் அவசரமாகப் போனைத் தடவினார். குழுவிலிருந்து அதை எடுக்க மறந்திருந்தார்.

ரேமண்ட் சிரித்தான். "நல்லாத்தான் எழுதியிருக்கா! ஆனா இப்படி ஒரு மிருகம் இருப்பானா, பிரதர்?"

யாரோ இருமினார்கள். இன்பராணிக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். ஆட்கள் இருக்கும்வரை இருக்கும். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும் என்ன வரும் என்பதும் தெரியும்.

"கதைதானே, ராணி?"

காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்தச் சொல், இப்போது வரவில்லை. காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்ல," என்றாள்.

ரேமண்டின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான்.

"அப்படியே இருக்கட்டும். முடிவுதான் சரியில்ல. வேலை இல்லாதவ, அம்மா வீடு இல்லாதவ. பெட்டிய தூக்கிட்டு எங்க போவா? நீங்களே சொல்லுங்க, எங்க போவா?"

கதவோரம் இருந்து ஜாக்லின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுக்குத்தான் தம்பி. இவ என்னைக்காவது வாயத் தொறப்பான்னு போன கிறிஸ்மஸுக்கே மாடி ரூம காலி பண்ணி வச்சிட்டேன்."