சம்பந்தி மரியாதை

நாற்காலி அடுக்கைத் தூக்கிய மணிவேல் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பில் ஏதோ 'களுக்' என்றது. நாற்காலிகளைக் கீழே வைக்க முடிந்தது, நிமிரத்தான் முடியவில்லை.

ஊரில் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் அவர். இன்றைக்கு அவர் வீட்டிலேயே விசேஷம். மகள் கவிநிலாவைப் பெண் பார்க்க கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை அருண்பிரசாத்தும் அவளும் ஒரே ஆபீஸ். இருவர் மனசுக்குள்ளும் எப்போதோ முடிவாகிவிட்டது. பயமெல்லாம் அவனுடைய அப்பா சின்னசாமியிடம்தான். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். மரியாதை கொஞ்சம் கம்மியானாலும் எழுந்து போய்விடுவாராம்.

மனைவி சரசு ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுக்கிற பயில்வானைக் கூட்டி வந்தாள். அவர் எண்ணெய் தடவினார், முட்டியை முதுகில் ஊன்றினார், தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை பாதி வளைந்திருந்த மணிவேல் முழுசாக வளைந்துவிட்டார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் பயில்வான் வேகமாகக் கிளம்பினார்.

ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டுக்குப் போனார் மணிவேல். அக்குபஞ்சர் டாக்டர் உம்மே ஹானி அவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் வரிசையாக ஊசி வைத்தார். அசையக் கூடாது, கொஞ்ச நேரத்தில் தசை இளகும் என்றார். நிஜமாகவே இளக ஆரம்பித்தது. அப்போதுதான் போன் வந்தது.

"என்னங்க, அவங்க வந்துட்டாங்க. சீக்கிரமாவே வந்துட்டாங்க."

டாக்டர் உள்ளறையிலிருந்து திரும்பி வந்தபோது கட்டில் காலி.

ஊசிகளோடு ஆட்டோவில் சாய முடியாது. மணிவேல் சீட்டில் மண்டி போட்டு, பின்பக்கக் கண்ணாடி வழியாக பஸ் டிரைவர்களைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தார். இறங்கும்போது வலி மறுபடியும் கவ்விக்கொண்டது.

கூடத்தின் நடுவில் சின்னசாமி கம்பம் மாதிரி நின்றிருந்தார். மணிவேல் கைகூப்பிக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா என்று மகனிடம் கிசுகிசுத்தார்.

சின்னசாமியோ தலையைக்கூட அசைக்கவில்லை. சரசு நாற்காலி போட்டாள், உட்காரவில்லை. கேசரித் தட்டை நீட்டினாள், குனிந்து எடுக்கவில்லை. சரசு அடுப்படிக்குப் போய் மகளிடம் பொருமினாள். எவ்வளவு திமிர் இருந்தால் ஒரு மனுஷன் இப்படி விறைப்பாக நிற்பான், இந்த வீட்டுக்கா நீ வாழப் போகிறாய் என்று கேட்டாள். கவிநிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூடத்தில் சின்னசாமி கடைசியில் வாயைத் திறந்தார். "போதுங்க. நீங்க நிமிருங்க. எனக்குச் சங்கடமா இருக்கு."

"பரவால்லீங்க. உங்களைப் பாத்தா எனக்கு இப்படித்தான் வருது," என்றார் மணிவேல் தரையைப் பார்த்து.

இதைக் கேட்டபடியே வந்த சரசு காபித் தட்டை டக்கென்று வைத்தாள். மானம் போனது போதும், எல்லாரையும் அனுப்பிவிடலாம் என்று அவள் வாயெடுத்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. உம்மே ஹானி, கையில் சின்னப் பெட்டியோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

மணிவேல் குனிந்த நிலையிலேயே கண்ணால் கெஞ்சினார், கையால் வேண்டாமென்றார். அவருடைய சட்டையைத் தூக்கப் போன டாக்டர், நிமிர்ந்து கூடத்தின் நடுவே பார்த்தார். கை அப்படியே நின்றது. மணிவேலை விட்டுவிட்டு நேரே சின்னசாமியிடம் போனார்.

"இவராவது இப்பதான் ஊசியோட ஓடி வந்தாரு. நீங்க காலைலயே ஓடிட்டீங்களே சார், திரும்புங்க."