சவுக்குத் தோப்பில் சம பங்கு

நாட்டுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று மரக்காணம் கார்த்திகேசன் முடிவு செய்துவிட்டார். ஐப்பசி மழை அடித்து உப்பளம் பூராவும் ஏரியாகிக் கிடந்தது. பாத்தியும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. உப்பள சூப்பர்வைசரான அவருக்குத் தை பிறக்கும்வரை வேலை கிடையாது. வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் புருஷன், பெண்டாட்டி கண்ணுக்கு மனுஷனாகத் தெரியமாட்டான். தேங்காய் துருவுகிற மெஷினாகத்தான் தெரிவான். அதிலிருந்து தப்பிக்கத்தான் நாட்டுத் தொண்டு என்று நாக்கு நீண்டவர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"அம்சா, நான் ஒரு சேவையில சேர்ந்துட்டேன்."

"இன்னா சேவை? இடியாப்பமா?" என்றாள் அம்சவல்லி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இலவச சட்ட சேவை! மெட்ராஸ்ல வக்கீலுங்க சேர்ந்து வெப்சைட் ஒண்ணு பண்றாங்க. ஏழை ஜனங்க யார் பின்னாடியும் அலைய வேணாம். போன்ல அது கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே வந்தா, உனக்கு இன்னா உரிமை இருக்குது, எங்க மனு குடுக்கணும்னு அதுவே சொல்லிடும். நம்ம ஜனங்க பேசற தமிழ்ல எழுத ஆள் வேணுமாம். என்னை எடுத்துட்டாங்க. வீட்லேர்ந்தே வேலை."

"சம்பளம்?"

"சேவைன்னு சொன்னேன்ல?"

"இடியாப்பமா இருந்தா சாப்பிடவாவது செய்யலாம்."

மறுநாளே தொண்டு தொடங்கிவிட்டது. இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே மடித்துக் கட்டிய லுங்கி, எதிரே பழைய லேப்டாப்.

"ஏங்க, ரேஷன்ல அரிசி போடறாங்களாம்."

"மீட்டிங்."

"ஏங்க, மேல ஒட்டடை..."

"அம்சா! நாடு காத்துக்கிட்டு இருக்குது!"

அந்த நேரம் பார்த்துக் கூனிமேட்டிலிருந்து தங்கை பாஞ்சாலை போன் செய்தாள். அம்மா முன்னாடியே போய்ச் சேர்ந்தவள். பின்னாலேயே அப்பாவும் உயில் கியில் எழுதாமல் போனபோது விட்டுப்போனது ஈ.சி.ஆர். ஓரமாக ஒரு சவுக்குத் தோப்பு. பாஞ்சாலையின் புருஷன் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டோடு கிடக்கிறார். ரோட்டோரம் கொஞ்சம் இடம் கொடுத்தால் மீன் சாப்பாட்டுக் கடை போட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்று அவளும் வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சட்டத்துல இடமில்லம்மா," என்றார் கார்த்திகேசன், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "கல்யாணத்துக்குச் சீர் செஞ்சோமில்ல? அதோட பொண்ணு பங்கு முடிஞ்சுபோச்சு. சட்டம் அப்படி. அண்ணன் இன்னாம்மா பண்றது?"

அம்சவல்லி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் டீ போடப் போனாள். விவரமுள்ள புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். இவருக்கு மீட்டிங் இருந்தது.

மெட்ராஸிலிருந்து வக்கீல் சத்யப்ரியா ஸ்கிரீனில் வந்தாள். "சார், ரெண்டு டாபிக் பாக்கி இருக்கு. வாடகை அட்வான்ஸ் ஒண்ணு, பெண்களுக்குச் சொத்துல பங்கு ஒண்ணு. எது எடுத்துக்கறீங்க?"

"வாடகைதான் மேடம்," என்று வாயைத் திறப்பதற்குள் டீ டம்ளர் ஒன்று மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. காதருகே அம்சவல்லி குரல்.

"ஏங்க, பெருமுக்கல்ல எங்கப்பா விட்டுட்டுப் போன கொல்லை நிலம் இருக்குதே, கிணத்தோட. அதுல எனக்கும் பங்கு வருமாங்க?"

கார்த்திகேசனுக்குக் கிணறு தெரிந்தது. மோட்டார் தெரிந்தது. தண்ணீர் கொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பொண்ணுங்க பங்கு எனக்குக் குடுங்க மேடம்! உயிரைக் குடுத்துச் செய்றேன்!"

செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. ராத்திரி கனவிலும் சட்டம்தான். எழுதியதை எல்லாம் அம்சவல்லிக்குப் படித்துக் காட்டினார். அவளும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாதுவாக எதிரே உட்கார்ந்து சந்தேகம் கேட்டாள்.

"வாரிசுரிமைன்னா எவளுக்குங்க புரியும்?"

"அப்பா உயில் எழுதாம போயிட்டா, பையனுக்கு எவ்ளோவோ பொண்ணுக்கும் அவ்ளோ. இப்படிப் போட்டா?"

"இது நல்லா இருக்குது. ஆனா, சீர் செஞ்சுட்டோம், உனக்குப் பங்கு கிடையாதுன்னு அண்ணன்காரன் சொன்னா?"

கார்த்திகேசன் கண்முன் மச்சான் புருஷோத்தமன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றான். தட்டினார் பாருங்கள், விசைப்பலகை அலறியது. "சீர் வேற, பங்கு வேற. ஏமாறாதே!"

"சட்டத்துல இடமில்லன்னு சொன்னா?"

"அப்படிச் சொல்றவன் வடிகட்டின பொய்யன்!"

"அதையும் போடுங்க."

"போட்டுட்டேன்!"

நடுவில் ஒரு தரம் நெஞ்சுக்குள் பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். கார்த்திகேசன் கை நின்றது. அப்புறம் பாஞ்சாலையிடம் இருப்பது பட்டன் போன் என்பது ஞாபகம் வந்தது. நிம்மதியாக மேலே தட்டினார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலிலும் பதிவு செய்யவேண்டும் என்றாள் சத்யப்ரியா. கார்த்திகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தங்கச்சி, பயப்படாதே. உன் பங்கை நீ கெஞ்சிக் கேக்க வேணாம்..."

"சுரத்தே இல்லீங்க," என்றாள் அம்சவல்லி. "அந்த அண்ணன்காரன் கேட்டா வெக்கப்படணும். இன்னொரு தரம் பேசுங்க."

இன்னொரு தரம் பேசினார். அதற்கு அப்புறமும் பேசினார். கடைசித் தரம் பேசியபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. இப்படியும் அண்ணன்மார்கள் இருப்பார்களா என்று அங்கலாய்த்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார்.

வெப்சைட் திறந்து கொஞ்ச நாளில் எல்லாத் தொண்டர்களுக்கும் ஒரு மீட்டிங். வக்கீல்கள், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் என்று ஸ்கிரீன் நிறைய முகங்கள். சத்யப்ரியா முகமெல்லாம் சிரிப்பு.

"கார்த்திகேசன் சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க. அவர் செஞ்சதைக் கேட்டு முதல்ல மனு தயார் பண்ணினது அவங்க பக்கத்து ஊர் அம்மாதான். அண்ணன்காரர் இத்தனை வருஷமா, சட்டத்துல இடமில்லன்னே சொல்லி ஏமாத்தியிருக்கார்."

கார்த்திகேசன் கொதித்துப் போனார். "எவன் மேடம் அவன்? நம்ம பக்கத்துலயா? பேரைச் சொல்லுங்க!"

"அவர் மனசு வெச்சா கோர்ட்டுக்கே போக வேணாம் சார்."

"மனசு வைக்க வைக்கிறது என் பொறுப்பு! உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், அந்தம்மாவுக்குப் பங்கு வாங்கிக் குடுக்காம விடமாட்டேன்! சத்தியம்!"

"அவங்களே பேசணும்னு லைன்ல காத்திருக்காங்க சார்."

மூலையில் ஒரு கட்டம் திறந்தது. உள்ளே பாஞ்சாலை. பேசுவது அம்சவல்லியின் போனிலிருந்து என்று கட்டத்துக்குக் கீழே இருந்த பேர் சொன்னது.

"வணக்கம்ங்க. எங்க அண்ணன் பேரு கார்த்திகேசன்ங்க."

அந்தக் குரல் ரெண்டு தரம் கேட்டது. லேப்டாப்பில் ஒரு தரம், அவர் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு தரம்.

"மேடம், இங்க... நெட்வொர்க் சரியில்ல..."

"நல்லாத்தாங்க இருக்குது," என்றது அடுப்படியிலிருந்து அம்சவல்லி குரல்.

கார்த்திகேசன் ஒயரைப் பிடுங்கத் துள்ளி எழுந்தார். மடித்துக் கட்டிய லுங்கியைத் தமிழ்நாட்டின் பாதிச் சட்டக் கல்லூரி பார்த்தது. படாரென்று உட்கார்ந்தார்.

பாஞ்சாலை கோபமாக இல்லை. பயந்துபோயிருந்தாள். "அண்ணா, பாதியெல்லாம் வேணாம்ணா. கேசும் வேணாம். ரோட்டோரம் கொஞ்சமா இடம் குடு, போதும். உன்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன்."

கார்த்திகேசனுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. கெஞ்ச வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொந்தத் தங்கையை வருஷக்கணக்காகக் கெஞ்சவிட்டிருக்கிறோம். காது இரண்டும் சுட்டது.

"கெஞ்சாதம்மா. பாதின்னா பாதிதான். ரோட்டுப் பக்கமே எடுத்துக்க. நாளைக்கே பத்திரம் எழுதிடலாம்."

ஸ்கிரீன் முழுக்கக் கைத்தட்டல். அடுப்படியில் மூக்கு உறிஞ்சும் சத்தம். லேப்டாப்பை மூடியபோது, தோப்பில் பாதி போனதில் வயிறு எரிந்தாலும் கார்த்திகேசன் இடிந்துபோகவில்லை. ஒரு ஆறுதல் கையில் இருந்தது. பெருமுக்கல் கொல்லை! போனதைக் கிணத்தோடு சேர்த்துப் பிடித்துவிடலாம். லுங்கியை அவிழ்த்து வேட்டிக்கு மாறிக்கொண்டு வந்தார்.

"அம்சா, கிளம்பு. உங்க அண்ணன் புருஷோத்தமனை இன்னைக்கே ஒரு பிடி பிடிக்கிறேன்."

"அவரை எதுக்குங்க பிடிக்கணும்? என் பங்கை அவரு போன தையிலேயே என் பேருல எழுதிக் குடுத்துட்டாரே."

"எழுதிக் குடுத்துட்டாரா? எங்கிட்ட சொல்லவே இல்ல!"

"சொல்லியிருந்தா இவ்ளோ அக்கறையா உக்காந்து எழுதியிருப்பீங்களா?"

கார்த்திகேசன் கிணற்றை விடுவதாக இல்லை. "அந்தக் கொல்லை இப்ப?"

"குத்தகைக்கு விட்டாச்சு. அந்தப் பணத்துலதான் கடைக்கு அடுப்பு, பாத்திரம், பெஞ்சு எல்லாம் வாங்கியிருக்கோம். நானும் பாஞ்சாலையும் பார்ட்னருங்க."

வாசலில் மினி லாரி வந்து ஹாரன் அடித்தது. அம்சவல்லி எட்டிப் பார்த்தாள்.

"பெஞ்செல்லாம் வந்துடுச்சு, போய் இறக்குங்க. நீங்க வீட்லதான் இருப்பீங்கன்னு கூலிக்கு ஆள் சொல்லல."