இடது கரைக்கு எத்தனை?

அப்பா ஓடைக்குள் நின்று கற்களைக் காலால் உதைத்துக் கலக்கினார். மகள் நாலடி கீழே தள்ளி, கல்லடியிலிருந்து அடித்து வரும் பூச்சிகளுக்காக வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. சரியாக ஒரு நிமிடம் உதைக்க வேண்டும் என்பது விதி.

"எவ்வளவு ஆச்சு?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப பக்கத்துல தள்ளிப் போய், முதல்லேருந்து."

வாசகரே, ஓடை டாக்டர் என்னும் இனம் இதுதான். காட்டோடையைக் கண்டால் கால் நனைப்பவர்கள் உண்டு, படம் பிடிப்பவர்கள் உண்டு. இவர்கள் ஓடை எவ்வளவு ஆரோக்கியம் என்று மார்க் போடுவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் வாய்பிளந்தால், உங்கள் படிப்புக்குச் செலவழித்தவர்களை நினைத்துப் பரிதாபப்படுவார்கள். தெளிவு யாருக்கு வேண்டும்? கல்லுக்கு அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதே கேள்வி. தண்ணீர் சற்றுக் கெட்டாலும் முதல் ஆளாக வீட்டைக் காலிசெய்யும் மூன்று வால் பூச்சி இருந்தால் முகம் மலரும். எந்த அசிங்கத்தையும் சகித்துக்கொள்ளும் சிவப்புப் புழு மட்டும் இருந்தால் அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது. கற்களுக்கு, நிழலுக்கு, வளைவுக்கு, இரண்டு கரைகளுக்கும் தனித்தனியாக என்று மார்க் போட்டு, கூட்டி, கூட்டியதைச் சந்தேகப்பட்டு, மறுபடி கூட்டுவார்கள்.

வியாதி ஓடையோடு நிற்குமா? நிற்காது.

தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான் இடது கரை, வலது கரை சொல்ல வேண்டுமாம். அப்பா வீட்டுக்கும் அதையே வைத்துக்கொண்டார். கூடத்துத் தரை குளியலறைப் பக்கம் சரிவு. ஆகவே மூக்குக் கண்ணாடி "இடது கரை அலமாரியில்" இருக்கும். அம்மா போய் எடுத்துவிடுவார். விருந்தாளிகள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

மகளைப் பெண் பார்க்க வந்தவனைப் பற்றி, "ஆள் எப்படிங்க?" என்று அம்மா கேட்டதற்கு வந்த பதில்: "மேல தெளிவாத்தான் இருக்கு. கல்லைப் புரட்டிப் பார்க்கணும்." கல்யாணம் முடிந்தும் நாலு வருடம் புரட்டிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் கால் கழுவிக்கொண்டு வருவான், பயத்தில்.

தன் நெஞ்சைச் சோதித்த இதய மருத்துவரையும் விடவில்லை. "ஒரே இடத்துல வச்சுக் கேட்டுட்டு 'பரவாயில்லை'ன்னு எழுதுறாரும்மா. மேல ஒரு இடம், கீழ ஒரு இடம் பார்க்க வேணாமா?" என்று மகளிடம் பொருமினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. பொருமிய பதினோராம் நாள் அப்பா இல்லை.

மேசையில், கடைசியாகப் பார்த்த அந்த ஓடைக்கு அவர் மார்க் போட்ட படிவம் மட்டும் இருந்தது. மொத்தம் நூற்றுப் பதின்மூன்று. நூற்றிருபது வந்தால் ஓடை 'நல்ல நிலை'. கரையோர மரங்களில் யாரும் கை வைக்க முடியாது. வராவிட்டால் அந்தப் பக்கம் சாலை வரும். மூன்றாம் வளைவின் இடது கரைக் கட்டம் காலி. ஓரத்தில் பென்சிலால்: 'எதிர்வெயில், தெரியவில்லை. மாலையில் வந்து பார்க்க வேண்டும்.'

மகள் குழாய்ப் பொறியாளர். கழித்துப் பார்த்தாள். ஏழு வேண்டும்.

படிவத்தை வாங்கும் அதிகாரி நல்ல மனிதர். அவருக்கும் மரங்கள் பிடிக்கும்.

"ஏழு போட்டுக் குடுத்துடுங்கம்மா. நீங்களும்தான் அன்னைக்கு அங்க இருந்தீங்க."

"நான் வலையப் பார்த்துட்டு இருந்தேன் சார். கரையைப் பார்க்கல."

"யாரும்மா கேக்கப்போறாங்க?"

"அவரு கேப்பாரு."

"அவர்தான் இல்லையே..." என்றவர், சொன்ன பிறகு மேசையிலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதங்கள். கடைசியில், "வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்துக்கங்க" என்றார்.

வீட்டில் அம்மா கேட்டார்: "ஆறுதான் வருதுன்னா என்னடி பண்ணுவ?"

"ஆறுன்னு எழுதுவேன்."

"மரமெல்லாம் போயிடுமே!"

"ஏழு இருந்தா ஏழு எழுதறேன். பார்க்காம எப்படிம்மா எழுதுறது?"

"அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்க, போ," என்று அம்மா உள்ளே போனார். திட்டியது மாதிரிதான் இருந்தது. ஆனால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்த வாசகரே, ஒரு சின்னப் பரிசோதனை. நூற்றுப் பதின்மூன்றோடு ஏழு சரியாக நூற்றிருபதுதானா என்று நீங்களும் ஒருமுறை கூட்டிப் பார்த்தீர்களா? ஆறா, ஏழா என்று உள்ளே அரிக்கிறதா? சொன்னால் நம்பிவிட மாட்டீர்கள், நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் ஜாக்கிரதை, உங்கள் வீட்டிலும் யாரோ உங்களைச் சகித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இன்று வியாழன். மணி மூன்றரை. மூன்றாம் வளைவின் இடது கரையை இன்னும் யாரும் பார்க்கவில்லை.