பூசணிக்காய் டிரைவர்

தென்னார்க்காடு ஜில்லாவில் மாட்டுவண்டிக்காரர்கள் "ஒத்து, ஒத்து" என்று அதட்டிவிட்டு முந்திக்கொண்டு போன ஒரே கார், விழுப்புரம் பூசணிக்காய் டிரைவருடையதுதான். பெரியவர்கள் மட்டும் ஏறினால் மற்ற டிரைவர்களைப் போலத்தான் அவரும் ஓட்டுவார். கைக்குழந்தை ஒன்று ஏறிவிட்டால் போச்சு. நம் பொறுமையை ஊரிலேயே விட்டுவிட்டு ஏறுவது நல்லது.

பாண்டி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் அவருடைய கறுப்புக் கார் நிற்கும். யுத்தத்துக்கு முந்திய வண்டி. பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்ந்தால் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். அதனால் குழந்தை ஏறும் நாளில் இரண்டு பின்கதவுகளையும் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். நாம் முன்கதவு வழியாக ஏறி, முன் சீட்டைத் தாண்டிப் பின்னால் விழ வேண்டும். ஒரு முறை பெரிய மிராசுதார் ஒருவர், வேடிக்கை பார்க்கட்டும் என்று தன் மூன்று வயதுப் பையனை முன் சீட்டில் நிற்கவைத்தார். "புள்ள நின்னுகினு வந்தா வண்டியும் நிக்கும்" என்று கோலியனூரில் காரை நிறுத்திவிட்டுக் கூழ் குடிக்கப் போய்விட்டாராம் நம்ம ஆள்.

இதெல்லாம் தெரிந்தும் அவர் வண்டியை நான் அமர்த்தியது என் தலைவிதி. என் மகனுக்கு அப்போது பதினோரு மாதம். திண்டிவனத்தில் மாமனார் வீட்டில் காது குத்து. மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனோ ஒரே மாமன், பட்டாளத்தில் இருப்பவன். லீவு முடிந்து அன்று மத்தியானமே மதராஸ் ரயில் ஏறி வடக்கே எல்லைக்குப் போகிறான். அடுத்த லீவு எப்போது, திரும்பி வருவானா என்பதை எல்லாம் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. "என் தம்பி மடியில குத்தலன்னா இந்தப் புள்ளைக்குக் காதே குத்த வேணாம்" என்று என் மனைவி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபத்து மூன்று மைல்தானே, காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குப் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

சரியாக ஆறு மணிக்கு வந்து நின்றார். முதல் கேள்வி:

"புள்ள எடை இன்னா சார்?"

"எடையா? புள்ளைய இன்னா மண்டியில போட்டு விக்கவா போறோம்?"

"எடை தெரியாம எப்டி சார் கட்றது?"

வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம்; பட்டுச் சட்டை போட்ட என் மகனை மல்லாட்டை மண்டித் தராசில் உட்காரவைத்தோம். ஆறு வீசை. அடுத்து மார்க்கெட்டுக்குப் போய் அதே ஆறு வீசையில் இரண்டு பூசணிக்காய்கள் வாங்கி வந்தார். பின் சீட்டில் மல்லாட்டைத் தோல் அடைத்த மூட்டைகள் இரண்டு, நடுவில் பஞ்சு மெத்தை போட்ட மூங்கில் கூடை. கூடைக்குள் பூசணிக்காயை வைத்துப் பழைய வேட்டியால் கட்டினார். தெருக்கோடி வரை வேகமாகப் போய்ப் படாரென்று பிரேக் அடித்தார். பூசணிக்காய் எகிறி முன்பக்கம் போய் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

"ஐயோ!" என்று என் மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

"நல்லதும்மா. திருஷ்டி கழிஞ்சிச்சி."

வேட்டியை வேறு விதமாகக் கட்டி இரண்டாவது காயை ஏற்றினார். மூன்று தடவை பிரேக் அடித்தும் அது அசையவில்லை. அதற்குப் பிறகுதான் என் மகனுக்குக் கூடையில் இடம் கிடைத்தது. மணி எட்டரை.

"என் மடியிலயே வச்சிக்கினு வர்றேனே" என்று கெஞ்சிப் பார்த்தாள் மனைவி.

"மடி எங்கம்மா இருக்கும்? பிரேக் அடிச்சா நீங்களே காத்துல இருப்பீங்க. அப்ப மடிக்கு எங்க போறது?"

பட்டுப்புடவையோடு அவள் முன் சீட்டைத் தாண்டி ஏறிய கோலத்தைத் தெருவே பார்த்தது. கிளம்பினோம். கிளம்பினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விக்கிரவாண்டி வரை ஒரு பால்காரர் சைக்கிளில் என் ஜன்னலோரமாகவே வந்து, எந்த ஊர், என்ன விசேஷம் என்று சாவகாசமாக விசாரித்தார். ஒவ்வொரு மதகிலும் காரை நிறுத்தி டிரைவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

கூட்டேரிப்பட்டு அருகே பையன் அழுதான். மனைவி பொறுக்காமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கார் நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிய டிரைவர் ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், மச்சான் ரயில் ஏறிடுவான்யா!" என்று கத்தினேன்.

"ரயிலு நாளைக்கும் வரும் சார்."

"மச்சான் வரமாட்டான்யா! அவன் எல்லைக்குப் போறான்!"

சட்டென்று எழுந்து வந்தார். "அப்ப ஜல்தியா புள்ளைய கூடையில போடுங்க" என்றார்.

போட்டோம். வேறு என்ன செய்வது? இரண்டு மைல் போயிருப்போம். கொல்லையிலிருந்து எருமை ஒன்று ரோட்டுக்குப் பாய்ந்தது. பிரேக் அடித்தார். நான் முன் சீட்டுக்கு அடியில் கிடந்தேன். மனைவி என்மேல் கிடந்தாள். சீர்த்தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பு டிரைவரின் தோளில் கிடந்தது. என் மகன் மட்டும் கூடையில் இருந்தபடியே இருந்தான். விரலைச் சப்பிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தான். அந்த நேரத்தில் எனக்கு நன்றி பெருகியது என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால் ஆத்திரம்தான் வந்தது. இந்த மனுஷன் சொன்னது சரியாகவா போக வேண்டும்?

திண்டிவனத்தில் மாமனார் வீடு பூட்டியிருந்தது. "எல்லாரும் டேசனுக்குப் போய்ட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அங்கிருந்து ஸ்டேஷனுக்கும் அதே நடைதான். வாசலில் மாமனார், ஆசாரி, உறவுக்கூட்டம் எல்லாம் எங்களைத் திட்டத் தயாராக நின்றது. யாரையும் கிட்டே விடாமல், நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்த பிறகுதான் டிரைவர் கதவுக் கயிற்றை அவிழ்த்தார். பட்டாளத்து உடுப்போடு ஓடிவந்த என் மச்சானிடம் குழந்தையைக் கூடையோடு நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் புடிங்க தம்பி."

பிளாட்பார பெஞ்சில், மாமன் மடியில், காது குத்தினார்கள். பையன் வீறிட்டான். மாமன் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரயில் வந்தது. அழுதுகொண்டிருந்த பையனை அக்காள் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டினான். அக்காளுக்கோ எனக்கோ ஏதாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க புள்ளைய பத்திரமா ஊடு சேத்துடுங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான்.

"நீ பத்திரமா போய்ட்டு வா தம்பி" என்றார் அவர்.

விழுப்புரம் திரும்ப எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ கார்களில் பிள்ளை குட்டிகளோடு போயிருக்கிறேன். ஒன்றிலும் ஒரு நிமிஷம்கூட என்னால் கண்மூட முடிந்ததில்லை.