சாமந்திக் காட்டில் சிறையிருந்த குப்புராஜன்

வாழ்க குப்புராஜன்! கடத்தூர்ச் சந்தைப்பேட்டையில் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய மாவு மில்லை ஆள்பவன். அரிசிமாவும் கேழ்வரகுமாவும் மாறிமாறிப் படிந்து, மேகம் கவிந்த மலைச்சாரல்போல் விளங்கும் மார்பினன். இடக்கையில் பச்சைக்கொடியும் வலக்கையில் தண்ணீர்க் கேனும் தாங்கி, தோற்கும் படையின் பின்னே தளராது நடந்த தாளினன். அவன் பெரும்புகழை இங்கே பாடப் புகுந்தோம். கலைமகளே, எம் நாவில் வந்து அமர்க! சற்றே ஓரமாக அமர்க, நடுவில் விசில் ஊத வேண்டியிருக்கும்.

அவன் ஆட்பட்ட படையின் திருப்பெயர் கடத்தூர் இடிமுழக்கம் கால்பந்துக் குழு. பெயரில் இருந்த இடி ஒருநாளும் ஆட்டத்தில் இறங்கியதில்லை. மாவட்டக் கோப்பை தொடங்கிய காலந்தொட்டு லீக் சுற்றின் எல்லையை அக்குழு கண்ணால் கண்டதுமில்லை. குழுவில் குப்புராஜனுக்கு மகனில்லை, மருமகனில்லை, பங்காளியும் இல்லை. அவனே தன் வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவன் அல்லன். ஆயினும் தோற்றுத் திரும்பும் டெம்போவில், வீரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கும்போது, அடுத்த ஆண்டுக்கான வியூகத்தை டிரைவருக்கு விளக்கிக்கொண்டு வருபவன் அவன் ஒருவனே.

அத்தகைய படைக்கு இவ்வாண்டு ஊழ் கண்திறந்தது. கடைசி லீக் ஆட்டத்துக்கு வரவேண்டிய எதிரணியின் வேன் தொப்பூர்க் கணவாயில் கரும்புகை கக்கி நின்றுவிட, பகைவர் முகத்தைக்கூடப் பாராமல் வாகைசூடிய கடத்தூர்ச் சேனை, வரலாற்றில் முதன்முறையாகப் பிளே ஆஃப் என்னும் உயர்நிலத்தில் கால் வைத்தது. நாள் ஞாயிறு, களம் இண்டூர், எதிரே நிற்பது லீக்கில் முதலிடம் பெற்ற அதியமான்கோட்டை.

ஞாயிறன்றுதான் மில்லில் கூட்டம் அலைமோதும். ஷட்டரை இறக்கக் கைவைத்த கொழுநனை மறித்து, மனையாட்டி சசிகலா கேட்டாள்:

"நீங்க போய் நின்னாத்தான் ஜெயிப்பாங்களா? இத்தினி வருசமா நின்னீங்களே, என்னா ஆச்சு?"

"இத்தினி வருசம் ஆடுனது லீக்கு, சசி. இது பிளே ஆஃப்பு."

"ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"இதுல தோத்தாக்கூடப் பெருமைடி!"

இப்பேருரை கேட்ட சசிகலா தலையில் அடித்துக்கொண்டாள். அதையே விடைகொடுத்த குறிப்பாகக் கொண்டு வீரன் புறப்பட்டான்.

இண்டூர் மைதானத்தில் ஒரு கோல்கம்பத்தின் பின்னே புளியமரம். பக்கவாட்டில் ஆளுயர முள்வேலி, வேலிக்கப்பால் ராமக்காளின் சாமந்திக் காடு. நெடுஞ்சாலைக் காற்றைக் குடித்து வளர்ந்த அதியமான்கோட்டைக் காளையர் செஞ்சட்டை தரித்து வந்தனர். பச்சைச் சட்டையினர் கடத்தூரார், இளைத்த தோளினர், இரவல் பூட்ஸினர். செந்நிறத்தார் ஒரு கோல் புகுத்தினர். பச்சை நிறத்தார் எப்படியோ ஒன்றைத் திருப்பினர். ஒன்றுக்கொன்று என்று போர் சமநிலையில் நடுங்க, குப்புராஜன் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, வீரர்களுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைத் தானே குடித்துத் தீர்த்தான்.

அவ்வேளையிலன்றோ அந்த இடர் வந்தது! கடத்தூரின் கோல்காவலன் சந்திரமோகன், காக்கிறேன் பேர்வழி என்று முழுவலிமையும் திரட்டி உதைத்த பந்து, வானவர்க்குக் காட்டிவிட்டு வருவதுபோல் உயர உயரச் சென்று, வேலியைக் கடந்து, சாமந்திக் காட்டின் நடுவே தொப்பென்று வீழ்ந்தது. மைதானத்தில் இருந்த ஒரே நல்ல பந்து அது. மற்றொன்று முதல் பாதியிலேயே வேலமுள் தைத்து வீரமரணம் எய்தியிருந்தது.

கடத்தூரின் தலைவன் கதிரவன் வேலியருகே ஓடினான். உள்ளே ராமக்காள் நின்றாள். ஒரு கையில் பந்து. மறுகையில் கதிரறுக்கும் அரிவாள்.

"எவனாச்சும் வேலியத் தாண்டுனீங்க, பந்தப் பூசணிக்கா மாதிரி அறுத்துருவேன்!"

வெஞ்சமர் பல கண்ட கதிரவன் பின்வாங்கினான். நடுவர் கைக்கடிகாரத்தையும் மேற்கு வானையும் நோக்கிப் பிரகடனம் செய்தார்: "இருட்டறதுக்குள்ள பந்து வரலைன்னா ஆட்டம் அவ்வளவுதான். லீக்ல மேல இருந்த டீமுதான் அரையிறுதிக்குப் போகும்."

அதைக் கேட்ட செஞ்சட்டையார், பந்து வந்தாலென்ன வராவிட்டாலென்ன என்று புல்லில் அமர்ந்தனர். ஒருவன் படுத்தே விட்டான்.

அப்போது எழுந்தான் குப்புராஜன். கொடியைக் கதிரவன் கையில் தந்தான். செருப்பைக் கழற்றினான். வேட்டியை மடித்துக் கட்டினான். சிங்கக்குகைக்குள் தனியே புகும் யானையென, வேலியில் இருந்த மூங்கில் படலைத் திறந்து உள்ளே நடந்தான்.

"அக்கா, பந்தக் குடுத்துருங்க. எங்க டீமுக்கு இதுதாங்க முதல் பிளே ஆஃப்பு."

"இருக்கட்டுமே. செடி ஒடஞ்சது கெடக்குது, வுடுங்க. பூப்பறிக்க வந்த பொம்பளைங்க அத்தினி பேரும் உங்க பந்தப் பாக்கறேன்னு வேலியோரமாவே ஓடிட்டாளுங்க. பொழுது சாஞ்சா பூ வண்டி வந்துரும். இன்னும் ரெண்டு பாத்தி அப்பிடியே நிக்குது. நாளைக்கு முகூர்த்தம். இன்னிக்கு அனுப்பலைன்னா அத்தினி பூவையும் நானே தலையில வெச்சிக்கிட்டுச் சுத்தறதா?"

நியாயம் அவள் பக்கம் மலைபோல் நின்றது. குப்புராஜன் குரல் தாழ்ந்தது.

"நான் பறிச்சுத் தர்றேங்க. ஆட்டம் முடிஞ்சதும் வந்து பறிச்சுத் தர்றேன், சத்தியமா."

"ஆட்டம் முடிஞ்சா நீங்க எங்க, நான் எங்க? பந்து வெளிய போகட்டும். நீங்க உள்ள இருங்க."

அந்தோ! பந்து அங்கே சென்றால் இவன் இங்கே. இவன் அங்கே சென்றால் பந்து இங்கே. எத்தனை ஞாயிறுகள், எத்தனை வெயில்கள், எத்தனை எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்குப் பூஜ்யம்! அத்தனையும் எந்த ஆட்டத்தைக் காண்பதற்காகத் தாங்கினானோ, அந்த ஆட்டத்தையே காணாமல் இருந்தால்தான் அந்த ஆட்டம் நடக்கும். மாவு படிந்த அம்மார்புக்குள் இரு கடல்கள் மோதின. பிறகு கை நீட்டினான்.

"குடுங்க. எறிஞ்சிட்டு வர்றேன்."

வாழ்வில் முதன்முறையாகத் தன் படையின் பந்து அவன் கைக்கு வந்தது. அது அவன் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. வேலிக்கு மேலே ஓங்கி எறிந்தான். மறுபுறம் எழுந்த ஆரவாரம் பந்துக்கு உரியதேயன்றி அவனுக்கு உரியதன்று.

கூடை எடுத்தான், குனிந்தான், போர் மூண்டது. பொன்னிறச் சாமந்திகள் அணிஅணியாய்த் தலைநீட்டி நிற்க, மூட்டை தூக்கிக் காய்த்த அவன் விரல்கள் அவற்றைக் காம்போடும் இலையோடும் சிலபோது கிளையோடும் கொய்தன. பூந்துகள் மூக்கில் ஏறியது. மாவுத்தூளில் பிறந்து மாவுத்தூளில் வளர்ந்தும் தும்மல் அறியாத அப்பெருநாசி, பூவின் தூளுக்குத் தோற்றது. அடுக்கடுக்காய்த் தும்மினான்.

"பூவோட இலையப் பறிக்காதீங்க, வெல போகாது!" என்றாள் ராமக்காள்.

அதற்குள் வேலிக்கப்பால் ஓவென்று ஒரு கூச்சல். யார் கூச்சல்? எதற்கு? குப்புராஜன் கெஞ்சினான்.

"அக்கா, என்னா நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்கு அதுல என்னாங்க தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியறதச் சொல்லுங்க, போதும்."

வேண்டாவெறுப்பாய்த் தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் ஏறினாள் ராமக்காள்.

"செவப்பு சட்டை ஒருத்தன் ஓடறான். பச்சை சட்டை உழுந்துட்டான். இப்ப எந்திரிச்சிட்டான். மறுபடி உழுந்துட்டான்."

"பந்து யாருகிட்டங்க இருக்குது?"

"எல்லாருகிட்டயும்தான். அடப்பாவி, இடுப்பப் புடிச்சுத் தள்றான் பாருங்க! ஏய் செவப்பு! உனக்கு மூளை இருக்குதா?" அவள் குரல் ஏறியது. "உங்க பசங்க ரொம்ப எளைச்சுக் கெடக்கறானுங்க. சோறு போடறீங்களா இல்லியா?"

"அக்கா, பந்து!"

"ஒரு பச்சை சட்டை ஒதைக்கறான். அய்யோ, கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு. வர்றான், இன்னொருத்தன் வர்றான், வுடாத, வுடாத சாமி..."

அவள் கையிலிருந்த அரிவாள் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உள்ள போயிருச்சுங்க!"

"எந்தப் பக்கம்? அக்கா, எந்தப் பக்கங்க?"

"புளியமரத்துப் பக்கம்!"

இரண்டாம் பாதியில் புளியமரத்தை நோக்கிப் படைநடத்தியவர் கடத்தூராரே. குப்புராஜன் பாத்தியிலேயே அமர்ந்துவிட்டான்.

"யாருங்க போட்டது?"

"யாரும் போடலீங்க. அந்த நெட்டப் பையன் சும்மா திரும்பி நின்னான். பந்து அவன் முதுகுல பட்டு உள்ள போச்சு."

நெட்டையன் கதிரவன்! அவன் முதுகு வாழ்க! புறமுதுகு காட்டித் தோற்றோர் உலகில் பலர். அம்முதுகாலேயே வென்றவன் அவன் ஒருவனே. குப்புராஜனின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பூந்துகளால் வழிந்ததா, பிறிதொன்றாலா என்று ராமக்காள் கேட்கவில்லை. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தூசி எனக்கும்தான் ஆகறதில்ல" என்றாள்.

நீண்ட விசில் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. சற்றைக்கெல்லாம் படல் திறந்து பச்சைச் சட்டையினர் வந்தனர். முன்னே கதிரவன்.

"எங்கணா போயிட்டீங்க? கோல் பாத்தீங்களா?"

"கேட்டேன்டா" என்றான் குப்புராஜன்.

அவன் கையிலிருந்த கூடையையும், எஞ்சி நின்ற பாத்தியையும், அவனையும் கதிரவன் மாறிமாறிப் பார்த்தான். பூட்ஸைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுக் குனிந்தான். சந்திரமோகன் குனிந்தான். ஒருவர் பின் ஒருவராய் அத்தனை பேரும் குனிந்தனர். வெற்றியுலா வரவேண்டிய வீரர் பூப்பறிக்க, ராமக்காள் வரப்பில் நின்று "இலை! இலை!" என்று அதட்டிக்கொண்டே இருக்க, வண்டி வருமுன் கூடைகள் நிறைந்தன. நிறைந்த கூடையிலிருந்து இரு கையும் கொள்ளுமளவு சாமந்தியை வாரிக் குப்புராஜனின் தலையில் கொட்டிய ராமக்காள், "போங்க, போய் ஜெயிச்சிட்டு வாங்க" என்று வாழ்த்தினாள்.

அங்ஙனம் பொற்பூ சூடிய சென்னியும், தும்மித் தும்மிச் சிவந்த மூக்கும், மாவும் மகரந்தமும் மண்ணும் மணக்கும் திருமேனியுமாய், டெம்போவின் பின்பலகைமேல் கொடியேந்தி நின்ற குப்புராஜனை நடுவில் நிறுத்தி, தொண்டை கிழியப் பாடிய காளையர் புடைசூழ, இண்டூர் எல்லை தொடங்கிக் கடத்தூர்ச் சந்தைப்பேட்டை வரை வழிநெடுக டீக்கடைகள் எழுந்து நோக்க, ஆறுகள் வற்றினும் மலைகள் தேயினும் இவ்வெற்றி தேயாது, இனி இக்குழுவை வெல்லும் படை மாவட்டத்திலும் இல்லை மாநிலத்திலும் இல்லை என்று அனைவரும் ஒருமனதாய் முழங்கியவாறே ஊர் புகுந்தது அந்தச் சேனை.

அரையிறுதியில் ஆறு கோல் வாங்கித் தோற்றார்கள்.